இங்கிலாந்தின் கிராமத்துப் பப்: நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு வீடு

‘பப்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது ‘மதுக்கூடம்’ என்றோ ‘மதுபான விடுதி’ என்றோ எழுதிவிடுகிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லைப் படித்ததும் நம் மனதில் வருவது மங்கலான அறை, நெடி, ஆண்கள் மட்டுமே உள்ள கூட்டம், வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்கள். இந்தப் படத்தோடு இங்கிலாந்தின் ஒரு கிராமத்துக்குப் போகிறவர், ஞாயிறு மதியம் அங்கே பாட்டியும் பேரனும் நாயும் ஒரே மேசையைச் சுற்றி இருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போவார். இங்கே வந்த புதிதில் நானும் குழம்பினேன்.

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். ஊரார் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று உரிமம் பெற்ற வீடு. வீடு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் இன்றும் பல பப்புகளின் மாடியில் அதை நடத்துகிறவர் குடும்பத்தோடு குடியிருக்கிறார். கீழே கணப்பு எரியும் அறை ஊருக்கு, மேலே படுக்கையறை அவருக்கு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பப்பின் வரலாறும் அங்கே நடந்துகொள்ளும் முறையும் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். இதை விட்டுவிடுவதால்தான் மற்ற தவறுகள் வருகின்றன.

கட்டடத்தின் வயதைப் பப்பின் வயதாக நினைப்பது

சுற்றுலா போய்விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எழுதுகிறார்கள்: “600 வருடப் பழைமையான பப்பில் சாப்பிட்டோம்.” கட்டடத்துக்கு 600 வயது இருக்கலாம். பப்புக்கு அந்த வயது இருக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் வூஸ்டர்ஷயரில் பிரெட்ஃபர்டன் என்ற கிராமத்தில் இருக்கும் ‘ஃப்ளீஸ் இன்’. மரச்சட்டம் வைத்துக் கட்டி, கூரை வேய்ந்த வீடு. 15-ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாயி கட்டியது. மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் இருந்த நீளவீடு அது. அது பப்பாக உரிமம் பெற்றது 1848-இல்தான். அதாவது ஏறக்குறைய 400 வருடங்கள் அது வெறும் பண்ணைவீடு. பிறகும் அதே குடும்பத்தின் கையில்தான் இருந்தது. கடைசி வாரிசான லோலா டாப்ளின் 1977-இல் இறந்தபோது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு அதை எழுதிவைத்துவிட்டுப் போனார். வீட்டை மாற்றக்கூடாது என்பது அவர் விருப்பம். அங்கே உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக்கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தார். எனக்கு அந்தச் சிப்ஸ் விஷயம் ரொம்பப் பிடிக்கும். பொட்டலம் பிரிக்கும் சத்தமும் தரையெல்லாம் தூளும் தன் வீட்டுக் கூடத்தில் வேண்டாம் என்று ஒரு வீட்டுக்காரி நினைப்பதில் என்ன வியப்பு?

அங்கே கணப்பின் முன்னால் தரையைக் குனிந்து பார்த்தால் வெள்ளையாக வட்டங்கள் போட்டிருப்பது தெரியும். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரிகள் இறங்கி வந்துவிடக்கூடாது என்பதற்காகப் போட்டவை. மறையும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டு வந்திருக்கிறார்கள். நம் வீட்டு நிலைவாசலில் எலுமிச்சை, மிளகாய் கட்டுகிற மாதிரிதான். 2004-இல் கூரையில் தீப்பிடித்துப் பெரும் சேதம். மறுவருடமே சீர்செய்து திறந்துவிட்டார்கள்.

‘இங்கிலாந்தின் மிகப் பழைய பப்’ என்ற பலகையைப் பார்த்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். நாட்டிங்ஹாமில் ஒன்று 1189 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறது. செயின்ட் ஆல்பன்ஸில் ஒன்று, ஹோலிவெல் கிராமத்தில் ஆற்றங்கரையில் ஒன்று என்று இந்தப் பட்டத்துக்குப் போட்டி போடுகிறவை பல. எதையும் ஆதாரத்தோடு நிறுவ முடியாததால் கின்னஸ் சாதனைப் புத்தகம் 2000-ஆம் ஆண்டோடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது.

உத்திரங்களும் அப்படித்தான். “இந்த மரம் உடைந்த போர்க்கப்பலிலிருந்து வந்தது” என்று பல பப்புகளில் சொல்வார்கள். உத்திரத்தில் எதுவும் பொருந்தாமல் வெறுமனே இருக்கும் துளைகளைச் சாட்சியாகக் காட்டுவார்கள். அந்தத் துளைகள் பெரும்பாலும் மரம் முன்பு வேறொரு வீட்டில் இருந்ததற்கான அடையாளம். ஓக் மரம் விலை அதிகம். பழைய வீட்டைப் பிரித்தால் மரத்தை அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். கடலிலிருந்து வெகுதூரம் உள்ள கிராமத்துக்குக் கப்பல் மரத்தை வண்டியில் ஏற்றிவந்திருப்பார்களா என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். கறுப்பு உத்திரமும் வெள்ளைச் சுவரும் இருந்தால் அது டியூடர் மன்னர்கள் காலத்தது (15-ஆம் நூற்றாண்டின் கடைசியும் 16-ஆம் நூற்றாண்டும்) என்று முடிவுகட்டுவதும் வேண்டாம். அந்தக் கறுப்புப் பூச்சு பெரும்பாலும் விக்டோரியா காலத்து நாகரிகம். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் பீர் கம்பெனிகள் டியூடர் தோற்றத்திலேயே புதிதாகக் கட்டிய பப்புகளும் ஏராளம்.

எல்லாவற்றையும் ஒரே வகையாக எண்ணுவது

பழைய காலத்தில் மூன்று தனித்தனி இடங்கள் இருந்தன. பயணிகள் தங்கவும் குதிரைகளைக் கட்டவும் இடம் தருவது ‘இன்’. நம் சத்திரம் நினைவுக்கு வரும், ஆனால் இங்கே காசு. திராட்சை மது விற்பது ‘டேவர்ன்’. அது நகரத்து வசதியானவர்களுக்கு. ஏழை எளியவர்கள் குடித்தது ‘ஏல்ஹவுஸ்’ என்ற இடத்தில். 1577-இல் அரசு கணக்கெடுத்தபோதுகூட மூன்றையும் பிரித்துத்தான் எண்ணினார்கள். ஏல்ஹவுஸ்கள்தாம் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு அதிகம்.

கிராமத்துப் பப்புக்கு நேர் முன்னோர் இந்த ஏல்ஹவுஸ். அதை ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏல் என்பது வாற்கோதுமையை முளைக்கட்டிக் காய்ச்சிப் புளிக்கவைத்த பானம். சில நாளிலேயே கெட்டுப்போகும். அதனால் வீட்டுக்குக் காய்ச்சியவர் மிச்சத்தை அண்டை அயலாருக்கு விற்றார். புது ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கம்பை நீட்டி இலைக்கொத்தைக் கட்டிவிடுவார். கணவனை இழந்தவர்களுக்கு இது ஒரு பிழைப்பாகவும் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சும் பீர், கடல் தாண்டி நெதர்லாந்துப் பக்கமிருந்து வந்து பரவியது. அது பல நாள் கெடாது. கெடாத சரக்கைப் பெரிய அளவில் காய்ச்சலாம், பீப்பாயில் தூரத்துக்கு அனுப்பலாம். தொழில் பெரிதாகப் பெரிதாக, முதல் போடும் ஆண்கள் கைக்கு அது மாறிவிட்டது. 1552-இல் ஏல்ஹவுஸ் நடத்த நீதிபதிகளிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது.

அடுத்த பெரிய திருப்பம் 1830. வெலிங்டன் பிரபு பிரதமராக இருந்தபோது கொண்டுவந்த பீர்ஹவுஸ் சட்டம், ஊருக்கு வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் வருடத்துக்கு இரண்டு கினி (அந்தக் காலத்துப் பணம்) கட்டணம் செலுத்தினால் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது. மக்களை ஜின் என்ற கடும் மதுவிலிருந்து பீர் பக்கம் திருப்புவதும், பெரிய பீர் கம்பெனிகளின் பிடியைத் தளர்த்துவதும் நோக்கம். ஓராண்டுக்குள் 20,000-க்கும் மேற்பட்ட புதிய பீர்வீடுகள் முளைத்தன. கொல்லர், தச்சர், கூலி விவசாயி என்று பலர் தங்கள் முன்னறையில் இரண்டு பெஞ்சைப் போட்டு வியாபாரம் தொடங்கினார்கள். 1869-இல் கட்டுப்பாடு மறுபடி இறுகியது. ஆனாலும் இன்று நாம் ‘காலங்காலமாக இருக்கும் பப்’ என்று நினைக்கும் பலவும் இந்த நாற்பது வருடத்தில் பிறந்தவை.

பப் என்றால் கவுன்டர் என்று நினைப்பதும் இதனால் வரும் பிழைதான். நீளமான கவுன்டரும் அதன்மேல் கைப்பம்பும் பெரிய அளவில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் நிலவறையிலிருந்து ஜாடியில் மொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். அந்தப் பழைய ஏற்பாடு இன்னும் சில இடங்களில் உண்டு. பெர்க்‌ஷயரின் ஆல்ட்வொர்த் கிராமத்தில் ‘பெல் இன்’ என்ற பப்பில் கவுன்டர் கிடையாது. சுவரில் கண்ணாடி வைத்த ஒரு சிறு ஜன்னல் திறப்பு. அதன் வழியாகக் கேட்டு அதன் வழியாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். 200 வருடங்களுக்கு மேல் ஒரே குடும்பம் நடத்துகிறது. டார்செட்டில் வொர்த் மாட்ராவர்ஸ் கிராமத்து ‘ஸ்குயர் அண்ட் கம்பஸ்’ஸும் அப்படியே. அங்கே 1907 முதல் ஒரே குடும்பம். தொல்லுயிர்ப் படிமங்களைச் சேர்த்துவைத்து ஒரு குட்டி அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள்.

பெயர்ப்பலகைக் கதைகளை அப்படியே நம்புவது

1393-இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில், ஏல் விற்பவர் வாசலில் அடையாளம் மாட்டவேண்டும் என்று ஆணை வந்தது. தரம் பார்க்க வரும் அதிகாரிக்குக் கடை தெரிய வேண்டுமே. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருந்ததால் படம்தான் பெயர். வெள்ளை மான் ரிச்சர்டின் சின்னம். ‘வைட் ஹார்ட்’ என்ற பெயர் அப்படிப் பரவியது. 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஓர் ஓக் மரத்தில் ஒளிந்து தப்பியதால் ‘ராயல் ஓக்’. ‘இன்னார் ஆர்ம்ஸ்’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் அந்த ஊர் நிலப்பிரபுவின் குலச்சின்னம். கலப்பை, கோதுமைக்கட்டு, கம்பளி என்று ஊர்த்தொழிலைச் சொல்லும் பெயர்களும் நிறைய.

சில விளக்கங்கள் மட்டும் காதுக்கு இனிமையாக இருக்கும், உண்மையாக இருக்காது. ‘எலிஃபன்ட் அண்ட் காஸில்’ என்பது ‘இன்ஃபான்டா டி காஸ்டில்’ என்ற ஸ்பானிய இளவரசியின் பட்டம் திரிந்தது என்பார்கள். அது கத்தி செய்யும் தொழிலாளர் சங்கத்தின் சின்னம். கைப்பிடிக்கு யானைத் தந்தம் பயன்பட்டதால் யானை. முதுகில் கோட்டை சுமக்கும் யானையை அந்தப் பலகையில் பார்க்கும் நமக்கு, அம்பாரி என்று உடனே புரிந்துவிடுகிறது.

“பீர் சூடாக இருக்கிறது” என்பது

இந்தப் புகாரை நம்மவர்கள் மட்டும் அல்ல, உலகமே சொல்கிறது. கிராமத்துப் பப்பின் பெருமையே பீப்பாய் ஏல். ஆலையில் முழுதாக முடிக்காமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். மீதி நொதித்தல் பப்பின் நிலவறையில் நடக்கும். நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். அது அறையின் சூடு அல்ல. நம் ஊர் மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ந்தது. அதற்கும் கீழே ஐஸ் மாதிரி ஆக்கினால் வாற்கோதுமையின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் நாக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒருமுறை பப் நடத்தும் ஒரு பெரியவர் என்னை நிலவறைக்கு அழைத்துப்போனார். குனிந்துதான் இறங்க வேண்டும். ஈரமான கல் வாசனை. 9 கேலன் கொள்ளும், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) பிடிக்கும் பீப்பாய்கள் படுக்கைவாட்டில் வரிசையாக இருந்தன. மேலே சிறு துளையில் ஒரு மரமுளை செருகியிருந்தது. உள்ளே உருவாகும் காற்று அதன் வழியாக மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. அவர் விரலால் முளையைச் சுற்றியிருந்த நுரையைத் துடைத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், மறுபடி நுரை வரவில்லை. “அடங்கிவிட்டது, நாளைக்குக் கொடுக்கலாம்” என்றார். பிறகு மேலே வந்து பக்கத்துப் பீப்பாயிலிருந்து ஒரு பைன்ட் இழுத்தார். கைப்பம்பின் நீண்ட கைப்பிடியை நிதானமாகத் தன் பக்கம் சாய்த்து, விட்டு, மறுபடி சாய்த்து. கலங்கலாக ஏறிய பானம் கண்ணாடியில் கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தது. வெளியிலிருந்து எந்த வாயுவையும் அடித்து ஏற்றவில்லை. பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் தீர்ந்தால் நல்லது, இல்லாவிட்டால் புளித்துவிடும். கூட்டம் வராத பப்பில் நல்ல ஏல் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். 1960-களில் பெரிய கம்பெனிகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று வாயு ஏற்றிய பீருக்கு மாறத் தொடங்கின. அதை எதிர்த்து 1971-இல் ஆரம்பித்த காம்ரா என்ற குடிப்பவர் இயக்கம் இல்லாவிட்டால் அந்தப் பெரியவரின் கைத்திறன் இன்று மறைந்தே போயிருக்கும்.

மேசையில் உட்கார்ந்து காத்திருப்பது

முதல்முறை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆள் வந்து கேட்பார் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. யாரும் என்னை அலட்சியப்படுத்தவும் இல்லை. நான் இன்னும் முடிவுசெய்யவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். பப்பில் நாமே கவுன்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். கையைத் தட்டுவது, காசை ஆட்டிக் காட்டுவது, கூப்பிடுவது மூன்றும் மரியாதைக் குறைவு. கண்ணைப் பார்த்துச் சிரித்தால் போதும். உங்களைக் கேட்கும்போது உங்களுக்கு முன்னால் இன்னொருவர் வந்திருந்தால், “அவர்தான் முதலில்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குக் கிடைக்கும் மதிப்பே தனி.

நண்பர்களாகப் போனால் ஒருவர் எழுந்து எல்லோருக்கும் வாங்கி வருவார். அது ‘ரவுண்ட்’. அவர் கொடுத்ததைக் குடித்துவிட்டு உங்கள் முறை வருவதற்குள் கிளம்பிவிடுவது பெரிய பிழை. மொய் மாதிரிதான் இது. வாங்கினால் திருப்பி வைக்க வேண்டும், யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். நீங்கள் குடிக்காதவராக இருந்தாலும் ரவுண்ட் உண்டு. லைம் சோடாவோ இஞ்சி பீரோ (பெயரில்தான் பீர், பெரும்பாலும் குளிர்பானம்) கேட்டு வாங்கிக்கொள்ளலாம், யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். குடிக்காதவர் பப்புக்குப் போகக்கூடாது என்று எண்ணி, ஊரைச் சந்திக்கும் வாய்ப்பையே நம்மவர்கள் பலர் இழந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சாப்பாட்டு நேரத்தைக் கேட்காமல் போகாதீர்கள். நாலு மணி நேரம் வயல்வெளியில் நடந்து, பசியோடு மூன்று மணிக்கு ஒரு கிராமத்துப் பப்புக்குள் நுழைந்தால், பல இடங்களில் அடுப்பை அணைத்துவிட்டிருப்பார்கள். திங்கட்கிழமை முழுநாளும் மூடியிருக்கும் இடங்களும் உண்டு. போன் செய்துவிட்டுப் போவது நல்லது. அப்புறம், கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் முன் ஒரு பார்வை பாருங்கள். பல வருடமாக ஒரே ஆள் உட்காரும் இடமாக அது இருக்கலாம். இருந்தால் யாராவது மெதுவாகச் சொல்வார்கள். எழுந்துகொண்டால் அன்று மாலை முழுக்க உங்களோடு பேச ஆள் கிடைத்துவிடுவார்.

‘ஃப்ரீ ஹவுஸ்’ என்றால் இலவசம் அல்ல

பலகையில் இப்படி எழுதியிருந்தால், இந்தப் பப் எந்த பீர் கம்பெனியோடும் கட்டுண்டது இல்லை, பிடித்த சரக்கை எங்கிருந்தும் வாங்கி விற்கலாம் என்று பொருள். மற்றவை ‘கட்டுண்ட’ பப்புகள். கட்டடம் கம்பெனிக்குச் சொந்தம். நடத்துகிறவர் வாடகையும் கொடுத்து, அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கே பீரும் வாங்க வேண்டும். அவரை ‘லேண்ட்லார்ட்’ என்றுதான் ஊரே அழைக்கும். அதைக் கேட்டு அவர்தான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்று எண்ணிவிடக்கூடாது, பல சமயம் அவரே குடக்கூலிக்கு இருப்பவர். 1989-இல் அரசு இந்தப் பிடியை உடைக்கப் பார்த்தது. 2,000-க்கு மேல் பப் வைத்திருந்த பீர் கம்பெனிகளுக்கு வரம்பு விதித்தது. பப்புகள் கைமாறின, ஆனால் பெரும்பாலும் பீர் காய்ச்சாத புதிய சொத்துக் கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தன. வாடகைச் சுமை குறையவில்லை.

கிராமத்துப் பப்புகள் மூடப்படுவதற்கு ஒற்றைக் காரணம் சொல்வதும் தவறு. 1967-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை அளந்து தடுக்கும் சட்டம் வந்தது. பஸ் இல்லாத ஊர்ப் பப்புக்கு அது பெரிய மாற்றம். பல உயிர்களைக் காத்த சட்டம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2007-இல் புகைக்குத் தடை. சூப்பர் மார்க்கெட்டில் மலிவு பீர். வரி. இவற்றோடு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: கிராமத்தில் வீட்டு விலை ஏறும்போது, பப்பாக நடத்துவதைவிட வீடாக விற்றால் அதிகப் பணம்.

ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹிம்லி அருகே ‘க்ரூக்கட் ஹவுஸ்’ என்று ஒன்று இருந்தது. 1765-இல் பண்ணைவீடாகக் கட்டியது, 1830 வாக்கில் பப் ஆனது. அடியில் நிலக்கரி தோண்டியதால் ஒரு பக்கம் நாலடி இறங்கிச் சாய்ந்துவிட்டது. உள்ளே மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருளுவதுபோல் தெரியும். 2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்து எரிந்தது. இரண்டு நாளில் அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். பழையபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று 2024-இல் உள்ளூராட்சி உத்தரவிட்டது. இடிந்த செங்கல் குவியல் முன் ஊர் மக்கள் அழுதுகொண்டு நின்றார்கள்.

வேறு விதமாகப் போன ஊர்களும் உண்டு. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் ‘ஓல்ட் க்ரவுன்’ பப்பை 2003-இல் ஊராரே பங்கு போட்டுக் கூட்டுறவாக வாங்கினார்கள். நாட்டில் அப்படி வாங்கிய முதல் பப் அது. பின்னால் இருந்த சிறிய பீர் ஆலையை அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள். இப்போது பல ஊர்களில் இதைச் செய்கிறார்கள். 2011-இல் வந்த ஒரு சட்டப்படி, பப்பை ஊருக்குப் பயன்படும் சொத்து என்று பதிந்துவிட்டால், விற்பனைக்கு வரும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம்.

யார்க்‌ஷயர் மலையுச்சியில், கடல் மட்டத்துக்கு 528 மீட்டர் மேலே இருக்கும் ‘டான் ஹில் இன்’ நாட்டிலேயே உயரமான இடத்துப் பப். ஒரு காலத்தில் அதைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன, இன்று அக்கம்பக்கத்தில் வீடே இல்லை. 2021 நவம்பரில் பாட்டுக் கேட்க வந்த 61 பேர் பனிப்புயலில் மூன்று இரவு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், பாட வந்த குழுவும் அவர்களோடே இருந்தது.

கிளம்பும்போது காலிக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். எடுத்துக்கொண்டுபோய்க் கவுன்டரில் வைத்து, நடத்துகிறவர் எந்தப் பக்கம் திரும்பி இருந்தாலும் “நன்றி, வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.